கண்ணாடிக் கூடை

கலை வேறு, கைத்தொழில் வேறு என்று எண்ணுவோர் இன்னும் பலர் உளர். சித்திரமும் சிலையும் கலையாம். கூடையும் பாயும் வெறும் பிழைப்பாம்! இக்கொள்கை எவ்வளவு பிழையானதென்பதை அமெரிக்கக் கண்ணாடிச் சிற்பி ஒருவரின் வரலாறு தெளிவாக்குகிறது.

டேல் சிஹுலி என்னும் அவர், வாஷிங்டன் மாகாணத்து டகோமா நகரில் 1941-ல் பிறந்தவர். 1968-ல் வெனிஸ் நகரை அடுத்த முரானோத் தீவுக்குச் சென்று, தலைமைத் தொழிலாளியின் கீழ்ப் பலர் கூடிக் கண்ணாடி ஊதும் முறையை நேரில் கண்டார். 1977-ல் டகோமாவிலுள்ள மாகாணச் சரித்திரச் சங்கத்தில், அப்பிரதேசத்துப் பழங்குடி மக்கள் முடைந்த கூடைகள் அவர் கண்ணில் பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய அவை, தம் பாரத்தாலேயே அமிழ்ந்து, வாய் கோணிக் கிடந்தன.

பிறர் அதைப் பழுதென்று ஒதுக்கியிருப்பர். சிஹுலியோ அக்கோணலிலே அழகைக் கண்டார். உருகிய கண்ணாடியை மிக மெல்லியதாக ஊதி, சூடும் பூமியின் ஈர்ப்பும் அதை இஷ்டம்போல் வளைக்குமாறு விட்டார். பெரிய கூடைக்குள் சிறிய கூடைகளை அடக்கி வைத்தார். அன்றாடம் புழங்கும் பண்டம் அரிய சிற்பமாயிற்று.

இதற்கு முன்னரே, 1976-ல் இங்கிலாந்தில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் இடக்கண் பார்வையை இழந்திருந்தார். 1979-ல் தோள்பட்டையும் பிசகவே, ஊதுகுழலைப் பிறர் கையில் ஒப்புவித்தார். தாம் உருவங்களை வரைந்து காட்டி, அருகில் நின்று வேலையை நடத்தினார். கருத்து அவருடையது, மூச்சும் கையும் பலருடையவை. இதை நாம் குறையாகக் கருதவில்லை. பெரிய காரியங்கள் கூட்டு முயற்சியாலேயே கைகூடும்.

ஆனால், கூட்டு முயற்சியென்று ஒப்பினால் புகழையும் பங்கிட வேண்டுமன்றோ? 2012-ல் சியாட்டில் நகரில் சிஹுலியின் படைப்புகளுக்கென்றே ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. அவர் பெயர் உலகறிந்தது. அக்கூடைகளை முடைந்தோர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? உலையருகே நின்று ஊதியவர்களை நினைப்பவர் எத்தனை பேர்?

சிஹுலியின் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. எங்கிருந்து கற்றோமென்பதை மறைக்காது கூறுவது கலைஞனுக்கு அழகு, அவர் கூறியிருக்கிறார். இனி, ரசிகர்களின் கடமையே எஞ்சி நிற்கிறது. கண்ணாடிக் கூடையைக் கண்டு வியப்போர், அதற்கு வழிகாட்டிய நார்க்கூடையையும் அதே மரியாதையுடன் நோக்குவாராக!