தட்டு நிஜம் பேசுகிறதா? தம்பூராவைக் கேட்டுப் பாருங்கள்!

வேலந்தாவளத்தில் நின்றால் ஒரு காலடி கேரளத்தில், அடுத்த காலடி தமிழ்நாட்டில். கிழக்கே கோவை, மேற்கே பாலக்காடு, நடுவில் கணவாய்க் காற்று. சோதனைச் சாவடி என்றால் இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். லாரி வந்து நிற்கும், ரசீதைப் பார்ப்பார்கள், பிறகு தார்ப்பாயைத் தூக்குவார்கள். ரசீதில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா? 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சாவடிகளின் காலம் முடிந்தது. ஆனால் நம் வீட்டு அலமாரிக்குள் நுழையும் இசைத்தட்டையும் படத்தட்டையும் யார் சோதிப்பது? உறைமேல் ‘டிஜிட்டல்’ என்றும் ‘ரீமாஸ்டர்’ என்றும் பொன்னெழுத்து மின்னும். தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே இருப்பது என்ன? அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். காது, கண், கைக்கடிகாரம், ஒரு சுருதிப்பெட்டி போதும். வாருங்கள், வியப்பின் மேல் வியப்பு!

மகாபாரதத்துப் பொருளில் பாட்டுக் கேட்டோம், தெரியுமா?

பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகை நினைவிருக்கிறதா? அதே அரக்குதான் பழைய 78 சுற்று இசைத்தட்டின் உயிர்ப்பொருள்! மரக்கிளையில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அந்நாளில் உலகத்துக்கே அரக்கு கொடுத்ததில் முதலிடம் இந்தியாவுக்கு. அதோடு கல்மாவையும் கரியையும் கலந்து தட்டை அழுத்தி எடுத்தார்கள். கல்மாவு ஏன்? எஃகு ஊசியைத் தேய்த்து, பள்ளத்துக்கு ஏற்ற வடிவுக்குக் கொண்டுவரத்தான்! ஆகவே ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் மழுங்கிய ஊசி பள்ளத்தைக் கீறிவிடும். பழைய தட்டு கைக்குக் கிடைத்தால் விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடியுங்கள். பளபளக்கும் கருப்பு என்றால் அதிகம் ஓடாத தட்டு. பள்ளங்களில் சாம்பல் பூத்திருந்தால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை பள்ளங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நூறு, இருநூறு என்பார்கள். ஒன்றே ஒன்றுதான்! வெளி விளிம்பில் தொடங்கி உள்ளே சுருண்டு செல்லும் ஒரே கோடு.

பாட்டு முடிந்ததும் பெயர் சொன்ன பாடகி, தெரியுமா?

1902 நவம்பர். கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் தம் கருவியோடு காத்திருக்கிறார். கௌஹர் ஜான் பாடி முடித்து, தம் பெயரை ஆங்கிலத்தில் கணீரென்று சொல்கிறார். எதற்காக? பதிவு ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறும். அங்கே தட்டு அடிப்பவர்களுக்கு நம் மொழியும் தெரியாது, பாடியவரையும் தெரியாது. குரலே சொன்னால் லேபிள் மாறாது! ஒரு பதிவின் முதல் தரம் என்ன என்பதற்கு அதுதான் விடை. பாடியவர் யார், வாசித்தவர் யார், எந்த ஆண்டு, எந்த அரங்கு? இவற்றைச் சொல்லாத இசைத்தட்டு, ரசீது இல்லாத லாரி.

கோயம்புத்தூர் பெயர் கொண்ட குரல் பாரீஸ் பியானோவையே மாற்றியது, தெரியுமா?

கோயம்புத்தூர் தாயி (1872–1917) பாடிய இசைத்தட்டுகளைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் கேட்டார், மயங்கினார். 1912இல் இந்தியாவுக்கு வந்தார். பிறகு ‘ராகமாலிகா’ என்று ஒரு படைப்பே செய்தார், தாயியின் பதிவை அடியொற்றி! அதில் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி ஒலியை அடக்கச் சொல்கிறார். பியானோவின் உள்ளே கை வைத்து நாதத்தை மாற்றிய மிக ஆரம்ப முயற்சிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். மைக்கே இல்லாத காலத்தில் புனலுக்குள் பாடிய சில நிமிடப் பதிவு, கடல் தாண்டி இத்தனை சேதி சொல்லியிருக்கிறது. இரைச்சல் இருந்தால் மட்டம் என்று ஒரு பதிவைத் தள்ளிவிடாதீர்கள்! கமகத்தின் வளைவு கேட்கிறதா என்று பாருங்கள்.

‘78’ என்று எழுதியிருந்தும் 78 இல்லை, தெரியுமா?

இதுதான் பெரிய அதிர்ச்சி! பழைய தட்டுகள் பலவும் நிமிடத்துக்கு 70 சுற்றிலிருந்து 80க்கு மேல் வரை, கருவிக்குக் கருவி மாறிய வேகத்தில் பதிவானவை. 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் வேகம் ஐந்தரை விழுக்காடு ஏறும். சுருதி எவ்வளவு ஏறும்? கிட்டத்தட்ட அரைக் கட்டை! காலப்பிரமாணமும் கூடவே ஓடும். அடக்கமாகப் பாடிய வித்வான் அவசரக்காரராகிவிடுவார், கனத்த சாரீரம் கீச்சென்றாகிவிடும்.

எப்படிப் பிடிப்பது? அந்தப் பாடகர் வழக்கமாக எந்தக் கட்டையில் பாடுவார் என்பதை அவருடைய நல்ல பதிவொன்றில் கேட்டு வையுங்கள். பிறகு சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அரைக் கட்டை தப்பினால் சந்தேகப்படுங்கள். வயதுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே குரலின் இயல்பையும் சேர்த்துக் கேளுங்கள். மூச்சு வாங்கும் இடம் கூடப் பதற்றமாக ஒலித்தால் வேகம் தப்பிவிட்டது!

எங்கள் பாலக்காட்டு மஞ்ஞப்ராவில் பிறந்த எம்.டி. ராமநாதனை (1923–1984) எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றடியிலிருந்து எழுவது போன்ற மந்திர ஸ்தாயி, அசையாத சௌக்க காலம். அவர் பதிவை அரைக் கட்டை ஏற்றிவிட்டால் அவரே காணாமல் போவார்! உங்கள் ஒலிபெருக்கியைச் சோதிக்கவும் அவர்தான் சரி. அவருடைய கீழ் ஷட்ஜம் மார்பில் அதிர்ந்தால் ஒலிபெருக்கி நல்லது.

மிருதங்கத்தின் பாதி தொலைந்த காலம் ஒன்று உண்டு, தெரியுமா?

1925இல் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன் எல்லாமே புனல்தான். அந்தப் புனலுக்குள் பிடிபட்டது நடு ஒலிகள் மட்டுமே. தொப்பியின் அடிநாதமும் கும்கியும் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டன! மிருதங்கமோ வெறும் தாளக்கருவி அன்று. அதன் வலந்தலை, தந்தி வாத்தியம் போல இசைவான மேல்சுரங்களை எழுப்புகிறது என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சாதாரணத் தோல் மேளத்தில் கிடைக்காத அதிசயம் இது. நடுவில் பூசிய கரணை செய்யும் மாயம்!

ஆகவே இன்றைய பதிவுக்கு ஒரு சோதனை. சாப்பு விழும்போது ‘டப்’ என்று மரக்கட்டை சத்தம் வருகிறதா, சுரமாக நீண்டு அடங்குகிறதா? நீண்டு அடங்கினால் நல்ல பதிவு.

மைக்கே வேண்டாம் என்ற மேதை, தெரியுமா?

பாலக்காடு மணி ஐயர் (1912–1981), மிருதங்கத்துக்காக முதன்முதலில் சங்கீத கலாநிதி பெற்றவர், பத்ம பூஷணும் பெற்றவர். கச்சேரியில் ஒலிபெருக்கியை அவர் எதிர்த்தார். கூர்ந்து கேட்டு, பாடகரின் குரலுக்குத் தக்கபடி விரலின் பலத்தைத் தாமே கூட்டிக் குறைத்து வாசித்த கை அது. அந்த அளவு கலைஞரின் கையில் இருக்க வேண்டும், விசைப்பலகையில் அல்ல என்பதைவிடப் பெரிய ஒலிப்பதிவுப் பாடம் உண்டா? பாட்டு மெல்லச் சுருங்கும் இடத்திலும் மிருதங்கம் அதே சத்தத்தில் இடித்தால், பதிவை யாரோ பின்னால் அமுக்கிச் சமன் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

உச்சம் வரும் இடத்தில்தான் எல்.பி. பலவீனமாகும், தெரியுமா?

1948இல் வந்த எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 20ஐ ஒட்டிக் குறைகிறது! நம் சங்கீதமோ கடைசியில்தான் கொதிக்கும். கல்பனாஸ்வரத்தின் உச்சம் தட்டின் மிகவும் நெருக்கடியான இடத்தில் விழும். ஆகவே எல்.பி. வாங்கும்போது முதல் பாட்டைக் கேட்டு ஏமாறாதீர்கள். கடைசி இரண்டு நிமிடத்தை ஓட்டச் சொல்லுங்கள்.

பாடும் முன்பே பாட்டு கேட்கும், தெரியுமா?

பழைய ஒலிநாடாவில் முதல் சொல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அதே சொல் மிக மெல்லப் பேய்க்குரலாகக் கேட்கும். பயப்படாதீர்கள்! சுருளில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் நாடாவின் காந்தம் அடுத்த சுற்றில் பதிந்துவிடுகிறது. விவரம் தெரிந்த காப்பகங்கள் நாடாவைக் கடைசிப் பக்கம் வெளியே வரும்படி சுற்றி வைக்கும். அப்போது அந்த நிழல் பாட்டுக்குப் பின்னால் விழுந்து, பாட்டிலேயே மறைந்துவிடும்.

சி.டி.யின் மர்ம எண்ணைத் தந்தது வீடியோ, தெரியுமா?

இசை சி.டி. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாதான் கைக்குக் கிடைத்தது! நம் நாட்டின் பழைய டி.வி. முறையான ‘பால்’ (PAL) கணக்கில், நொடிக்கு 50 புலம், புலத்துக்கு 294 பயன்படும் கோடு, கோட்டுக்கு 3 அளவு. பெருக்கிப் பாருங்கள்: 50 × 294 × 3 = 44,100! படமும் பாட்டும் அப்போதே ஒரே வீட்டுக்காரர்கள்.

சி.டி.யை எப்படித் துடைப்பது? நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடிவிடும். நேர்க்கீறலைச் சரிசெய்யும் கணக்கு சி.டி.க்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. தடத்தில் சுமார் 2.4 மில்லிமீட்டர் அழிந்தாலும் பாட்டு முழுசாக மீளும்!

படத்திலும் சுருதி ஏறும், தெரியுமா?

சினிமா நொடிக்கு 24 படம். பால் முறை 25. அப்படியே மாற்றினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும்! ஒலியைத் தனியாகத் திருத்தாவிட்டால் பாட்டு அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். வானொலியில் கேட்டு மனசில் பதிந்த சினிமாப் பாட்டு டி.வி.டி.யில் ஏதோ மாதிரி ஒலித்தால், உங்கள் காது தப்பில்லை!

தணிக்கைச் சான்றிதழே அளவுகோல், தெரியுமா?

படம் தொடங்கும் முன் வருகிற சான்றிதழை எல்லோரும் தாண்டிவிடுகிறோம். தாண்டாதீர்கள்! அதில் படத்தின் நீளம் எழுதியிருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 13,500 அடி என்றால் 150 நிமிடம். மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுங்கள். தட்டில் 144 நிமிடம் வந்தால் வேகம் ஏறியிருக்கலாம். 130 நிமிடம்தான் என்றால் ஒரு பாட்டோ, ஒரு காட்சியோ பலியாகியிருக்கிறது!

ஒரு ஆண்டு தெரிந்தால் அகலத்தைப் பிடிக்கலாம், தெரியுமா?

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் ‘ராஜராஜ சோழன்’, 1973. மலையாளத்தில் ‘தச்சோளி அம்பு’, 1978. அவற்றுக்கு முந்தைய படம் உங்கள் அகல டி.வி.யில் ஓரத்துக்கு ஓரம் நிறைந்து தெரிந்தால் உஷார்! ஒன்று, மேலும் கீழும் வெட்டி ஏறக்குறைய கால்வாசிப் படத்தை எறிந்திருக்கிறார்கள். இல்லை, பக்கவாட்டில் இழுத்து நாயகியைக் குண்டாக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள், அதுதான் முழுப் படம்.

மூன்று படம் ஒரே தட்டில், லாபமா?

கணக்குப் போடுங்கள்! 4.7 ஜி.பி. டி.வி.டி.யில் இரண்டரை மணிப் படம் ஒன்று என்றால் நொடிக்கு நாலு மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். மூன்று படம் திணித்தால் 1.4தான். அது பழைய வி.சி.டி.யின் அளவு! மழைக்காட்சியும் கூட்டக்காட்சியும் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

தோலில் துளை தெரிந்தால் நல்ல படம், தெரியுமா?

படச்சுருளின் மணித்துகள் அழுக்கு இல்லை, அதுதான் படத்தின் உடம்பு! அதைத் துடைத்தெடுத்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். நம் பக்கத்து ஓடைகளெல்லாம் போய்ச் சேரும் பாரதப்புழைக் கரையில் ஜி. அரவிந்தன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ‘தம்பு’ (1978). ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் முன்னின்று மீட்டெடுத்து 2022இல் கான் விழாவுக்குக் கொண்டுபோனது. சர்க்கஸ் பார்க்கும் கிராமத்து முகங்கள்தான் அதன் உயிர். சுருக்கமும் வியர்வையும் போய்விட்டால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன?

இன்று இரவே செய்து பாருங்கள்!

மேற்கே பாலக்காட்டைத் தாண்டிக் கோட்டாயிப் பக்கம் செம்பை கிராமம். அந்த ஊர்ப் பெயரால் அறியப்பட்ட வைத்தியநாத பாகவதரின் (1896–1974) பதிவுகள் 78 சுற்றுத் தட்டிலிருந்து கைப்பேசி வரை எத்தனையோ உருவில் வந்துவிட்டன. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளைத் தேடி எடுங்கள். சுருதிப்பெட்டியை ஓட்டுங்கள். கண்ணை மூடுங்கள். ஒன்றில் இரைச்சலே இருக்காது, ஆனால் குரலும் வறண்டிருக்கும். இன்னொன்றில் கரகரப்பு இருக்கும், ஆனால் அதன் அடியில் திறந்த தொண்டையில் ஒரு மனிதர் நின்று பாடுவார். எதை வைத்துக்கொள்வீர்கள்?

பாடியவரை நம் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கும் பதிவே உயர்ந்த பதிவு. உறை என்ன சொன்னாலும் சரி, தம்பூராவோடு சேர்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள். இந்தச் சாவடியை மட்டும் எந்தச் சட்டமும் மூட முடியாது!