ஏரி வாரியம் இருந்த ஊர்: உத்திரமேரூர்

எதிரே தெரிவது வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இதன் சுவரில் உள்ளன. குடவோலைத் தேர்தலால் புகழ்பெற்றவை இவைதாம். ஆனால் இந்த ஊரின் உயிர்நாடி ஏரி. பல்லவர் காலத்திலேயே அதற்கு வைரமேக தடாகம் என்று பெயர்.

அந்த ஏரியைக் கவனிக்கவும் வாரியம் எனும் குழு ஒன்று இருந்தது. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிக்கப்பட்டிருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, குடும்புக்கு ஒருவராக முப்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயதிலும் அறிவிலும் முதிர்ந்த பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், அடுத்த பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள்.

ஓலை எடுப்பவன் ஒன்றுமறியாச் சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கை தெரிய வாங்க வேண்டும். ஒளித்துவைக்க இடமே இல்லை!

போட்டியிடக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முதலில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 ஆனது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை.

இதை மக்களாட்சி என்று கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இது பிராமணர் சபை. பெண்களுக்கும் வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கும் இதில் ஓலை கிடையாது.