பாற்பல் தானே என்று பாராமுகமாய் இருக்கலாமா?

"பாற்பல் தானே! விழுந்து முளைக்கப் போவது தானே!" குழந்தையின் கடைவாய்ப் பல்லிற் சூத்தை கண்டவிடத்து நம்மவர் வீடுகளிற் பெரும்பாலும் எழுகின்ற சொல் இது. பாற்பல் விழுவது உண்மையே. ஆயின், எப்பொழுது விழும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 20 பாற்பற்களுள் முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கினும், கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் நிற்க வேண்டியவை. 4 வயதிற் சூத்தை பிடித்த பல்லுடன் குழந்தை இன்னும் ஆறேழு ஆண்டுகள் வாழவேண்டும். அப்பல்லை முன்னதாகவே பிடுங்கிவிட்டாலோ, அடுத்த பற்கள் சரிந்து, பின்னர் முளைக்கும் நிலைப்பல்லுக்கு இடமில்லாமற் போகலாம்.

பல்வலி பல்லோடு நிற்பதன்று. இரவில் உறக்கம் கெடுகின்றது; காலையில் உணவு செல்வதில்லை. வகுப்பிலே கன்னத்தைக் கையால் தாங்கியிருக்கும் மாணவனைப் படிப்பிற் கருத்தில்லாதவன் என்று கொள்வோர் பலர். பல் கறுத்த சிறுமி வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கின்றாள். உணவு, உறக்கம், படிப்பு, சிரிப்பு ஆகிய நான்கும் கெட்டபின் குழந்தைப் பருவத்தில் எஞ்சுவது யாது? இதனை உணர்ந்தே, இக்கால ஆராய்ச்சியாளர் சிகிச்சையின் பயனை அளக்கும்பொழுது, பல்லை மட்டும் பாராது இவற்றையும் பெற்றோரிடம் வினவி அறிகின்றனர்.

எனினும், பெற்றோர் பலர் காலந் தாழ்த்துவதற்குக் காரணம் அச்சம். ஊசி, துளைகருவி, குறடு ஆகிய மூன்றுமே பல் வைத்தியம் என்று எண்ணுகின்றோம். குறும்பு செய்யும் பிள்ளையைப் பல் வைத்தியரின் பெயரைச் சொல்லி வெருட்டுவோரும் உளர். இவ்வச்சத்திற்கு இடமளியாத மென்மையான முறைகள் இன்று உண்டு என்பதைப் பெற்றோர் அறிதல் வேண்டும்.

1980-களின் நடுப்பகுதியில் ஆபிரிக்காவிலுள்ள தன்சானியாவில், மின்சாரமும் இயந்திரமும் இல்லாத இடங்களுக்கென ஒரு முறை வகுக்கப்பட்டது. சூத்தையின் மென்மையான பகுதியைக் கைக்கருவியாற் சுரண்டி எடுத்து, குழியைக் கிளாஸ் அயனமர் என்னும் சீமெந்தினால் அடைப்பதே அது. பெரும்பாலும் ஊசி தேவைப்படுவதில்லை. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை உலகறியச் செய்தது.

ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹோல் என்னும் பெண் பல் வைத்தியர் மேலும் ஒரு படி சென்றார். அவர் சூத்தையைச் சுரண்டவுமில்லை, பல்லைத் துளைக்கவுமில்லை. கறைபடா உருக்கினாலான சிறு கவசமொன்றைச் சீமெந்திட்டு, பாற்கடைவாய்ப் பல்லின்மேற் பொருத்திவிட்டார். அவரது சிகிச்சைப் பதிவேடுகளை ஆராய்ந்த அறிக்கை 2006-இல் வெளிவந்தபின் இம்முறை பல நாடுகளிற் பரவியது.

சூத்தையை உள்ளே விட்டு மூடுதல் தகுமா என்று வாசகர் வினவலாம். சூத்தையை உண்டாக்கும் கிருமிகள் நாம் உண்ணும் சீனியைக் கொண்டே அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வுணவு உட்செல்லும் வழியை இறுக அடைத்துவிட்டால், அவை வலியிழந்து ஒடுங்குகின்றன, சூத்தையும் நின்றுவிடுகின்றது.

சூத்தையின்மேல் வெள்ளியும் புளோரைட்டும் சேர்ந்த திரவத்தைப் பூசி நிறுத்தும் முறையும் உண்டு. பூசிய இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் நன்று.

ஆயினும், எச்சிகிச்சையும் காலங் கடந்தபின் முழுப்பயன் தராது. பிரித்தானியாவில், கடைவாய்ப் பாற்பல்லில் ஏற்கெனவே சூத்தை கண்ட, 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 1,144 சிறுவரிடம், துளைத்து அடைத்தல், துளையாது மூடுதல், தடுப்பு முறைகள் மட்டும் என மூவகையும் ஒப்பிடப்பட்டன. வலி, சீழ் ஆகியவற்றில் அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மூவகையினருள்ளும் துன்புற்ற சிறுவர் இருந்தனர். மென்மையான முறை குறைந்ததன்று என்பதும், சூத்தை வருமுன் காத்தலே மேல் என்பதும் இதனால் விளங்கும்.

நம் நாட்டுக்கு இக்கருத்துப் புதிதன்று. 1950-களிற் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமையிற் பாடசாலைப் பற்சிகிச்சைப் பயிற்சி தொடங்கப்பட்டது, சிறுவரைப் பாடசாலையிலேயே கவனிக்கும் நோக்குடனன்றோ?

ஆகவே பெற்றோர் சிலவற்றை மனத்திற் கொள்வாராக. முதற்பல் முளைத்த நாள்தொட்டுப் புளோரைட் சேர்ந்த பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்குக. 3 வயதுக்குட்பட்டோர்க்கு அரிசியளவு பசை போதும். சீனி கலந்த பாற்போத்தலை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்க விடாதீர். பல்லில் வெண்புள்ளியோ சிறு குழியோ கண்டவுடன் பல் வைத்தியரிடம் காட்டுக. கன்னம் வீங்கினாலும், ஈறிற் சீழ் கட்டினாலும், இரவில் வலியால் விழித்தாலும், கராம்புத் தைலத்தை நம்பி நாளைக் கடத்தாதீர். அந்நிலையில் மூடி அடைக்கும் முறை பொருந்தாது.

பாற்பல் விழுவதுதான். ஆனால், அது விழும் வரையிலுள்ள ஆண்டுகள் குழந்தைக்கு மீண்டும் முளைப்பனவல்ல.