முகூர்த்தம் குறித்தாயிற்று, காற்றைப் பார்த்தீர்களா?

நம் வீடுகளில் கல்யாணத் தேதியை மணமக்கள் முடிவு செய்வது அரிது. பஞ்சாங்கம், மண்டபம் காலியாக இருக்கும் நாள், வெளிநாட்டிலிருந்து தாய்மாமனுக்கு லீவு கிடைக்கும் வாரம் என்று எல்லாம் கூடிவந்துதான் அது நிச்சயமாகிறது. ஆடி, புரட்டாசி, மார்கழியைத் தள்ளிவிட்டால் முகூர்த்தங்கள் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் குவிந்துவிடுகின்றன. தாலி கட்டிய பத்துப் பதினைந்து நாளில் தேனிலவுக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ஆகவே, பத்திரிகை அச்சாகும்போதே தேனிலவு மாதமும் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்ய மிச்சமிருப்பது இடம் ஒன்றுதான். அந்த இடத்தையும் பலர் எப்போதோ மனத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். மாலத்தீவு அல்லது அந்தமான். யாரோ போட்ட படத்தில் பார்த்த நீல நீரும் வெள்ளை மணலும் போதுமானதாக இருக்கிறது. அதன் பிறகு பேக்கேஜ் விலையை மட்டும் நாலு ஏஜென்டிடம் விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். மாதம் கையில் இருக்கிறது. அந்த மாதத்தில் எந்தக் கடலில் எந்தத் திசைக் காற்று வீசும் என்று பார்த்து, அதற்கேற்ற தீவைத் தேடுவதுதான் முறை.

வெப்பமண்டலத் தீவுகளில் வெயிலும் வெக்கையும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மாறுவது காற்று. மழை எப்போது, அலை எவ்வளவு உயரம், நீர் தெளிவா கலங்கலா, படகு கிளம்புமா என்பதையெல்லாம் காற்றுதான் தீர்மானிக்கிறது. அந்தமானை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதத்தின் பிற்பாதியில், அங்கே இறங்கிவிடும். வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்துக் கிளம்புகிற ஜோடி நேரே அதன் வாசலில் போய் இறங்குகிறது. எல்லோரும் பார்க்க ஆசைப்படும் ராதாநகர் கடற்கரை அங்குள்ள ஹேவ்லாக் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் காற்றும் அலையும் மோதுவது அந்தப் பக்கத்தில்தான். படத்தில் கண்ணாடிபோல் கிடக்கும் அதே நீர் அப்போது கலங்கிப் புரளும், குளிக்க இறங்காதே என்று சிவப்புக் கொடி நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் படகு. ஹேவ்லாக்கில் பயணிகள் விமானம் இறங்க வழியில்லை. போர்ட் பிளேரிலிருந்து கடல்வழியாக ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் போக வேண்டும். (போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் பக்கத்திலுள்ள நீல் தீவு ஷாகித் தீவாகவும் 2018இலேயே பெயர் மாறிவிட்டன. டிக்கெட்டில் இந்தப் பெயர்களைக் கண்டு குழம்ப வேண்டாம்.) கடல் கொந்தளித்தால் படகு நிறுத்தப்படும். அறைக்கும் உணவுக்கும் கட்டிய பணம் ஒரு தீவில் இருக்க, ஜோடி இன்னொரு தீவின் படகுத்துறையில் பெட்டியோடு காத்திருக்கும். 2016 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களை மீட்கக் கடற்படைக் கப்பல்களை அனுப்ப வேண்டியிருந்தது. சில நாள் கழித்துச் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா அதே புயல்தான். கார்த்திகை முகூர்த்தக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது. அந்த மாதம் வங்கக் கடலின் புயல் பருவம்.

ஆனால் எந்தக் காற்றும் எல்லாக் கரையையும் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை. இலங்கையின் கடற்றொழிலாளர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடல் சீறும்போது அங்கிருந்து பலர் வலையும் படகுமாகத் திருகோணமலை, முல்லைத்தீவுப் பக்கம் வந்து வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். பருவம் மாறியதும் திரும்பிவிடுவார்கள். பிழைப்புக்காக அவர்கள் கற்ற இந்த வழியைத்தான் தேனிலவுக்குப் போகிறவர்களும் பின்பற்ற வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, உனவட்டுன என்று தெற்குக் கரை அழகாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா என்று கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்துபோனாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது, நீச்சல் தெரியாதவர்களும் பயமில்லாமல் இறங்கலாம். நிலாவெளியிலிருந்து சிறு படகில் புறாத்தீவுக்குப் போனால் பவளப் பாறைகளுக்கு மேலே மிதந்தபடி மீன் பார்க்கலாம். கடைக்காரரிடமும் படகோட்டியிடமும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்பது தனி ஆறுதல். ஆவணியில் கல்யாணம் செய்கிறவர்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பொருத்தமான கரை இருந்தும், அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். தாய்லாந்திலும் இதே கதைதான். மே முதல் அக்டோபர் வரை புக்கெட் நனையும், அந்த மாதங்களில் வளைகுடாப் பக்கத்துக் கோ சாமுய் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாமுய்க்கு அடைமழை. பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், வைகாசிக்கும் ஆவணிக்கும் ஏற்றது. தை, மாசி முகூர்த்தக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மாலத்தீவு, அந்தமான், லட்சத்தீவு, இலங்கையின் தெற்கு, புக்கெட் என எல்லாம் அவர்களுக்குத் திறந்திருக்கும். லட்சத்தீவுக்கு மட்டும் நுழைவு அனுமதி வாங்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

சீசன் இல்லாத மாதத்தில்தானே விலை இறங்குகிறது, வெப்பமண்டல மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுமே, இதற்குப் போய் இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்வி. மாலத்தீவைப் பொறுத்தவரை பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒரு ரிசார்ட் என்பது ஒரு முழுத் தீவு. போய்ச் சேர்ந்துவிட்டால் நகர வேண்டியதில்லை, மழை வந்தால் அறை இருக்கிறது. மேலும் பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரையிலான அந்த மழைக்காலம்தான் உச்சம். தென்மேற்குக் காற்றும் நீரோட்டமும் மிதவை உயிரிகளை அந்தச் சின்ன விரிகுடாவுக்குள் தள்ளிச் சேர்க்கும். அதைத் தின்ன மாண்டா எனப்படும் கொம்புத் திருக்கைகள் டஜன் கணக்கில் வாயைத் திறந்தபடி சுற்றிவரும். 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. அதைப் பார்க்க விரும்புகிற ஜோடி ஆகஸ்டில் மாலத்தீவு போவது மிகச் சரியான முடிவு. அவர்களும் காற்றைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இதே கணக்கை அந்தமானுக்குப் போட முடியாது. அங்கே பயணமே தீவு விட்டுத் தீவு தாவுவதுதான். படகு நின்றால் பயணம் நின்றுவிடும். தள்ளுபடியில் மிச்சப்படுத்திய பணம், தவறவிட்ட விமானத்துக்கு மறு டிக்கெட் எடுப்பதில் போய்விடும். விலை குறைவா என்பதோடு, இந்தத் தீவில் நான் எத்தனை முறை படகேற வேண்டும் என்றும் கேட்டுப் பார்த்தால் எங்கே தள்ளுபடியை நம்பலாம், எங்கே கூடாது என்பது விளங்கிவிடும்.

பருவநிலையே தாறுமாறாகிவிட்டதே, ஜனவரியிலும்தான் மழை பெய்கிறது என்பது இன்னொரு வாதம். பெய்கிறதுதான். பருவம் உத்தரவாதம் தராது, வாய்ப்பைத்தான் கூட்டும். மீதியை அட்டவணையில் இடைவெளி விட்டுச் சமாளிக்க வேண்டும். அந்தமானில் கடைசி இரவைப் போர்ட் பிளேரில் கழிப்பது நல்லது. படகிலிருந்து இறங்கி அன்றே விமானம் ஏறுகிற மாதிரி பேக்கேஜ் போட்டுத் தந்தால் மறுத்துவிடுங்கள். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலைக்கு மேல் மாலேயில் இறங்கினால் அந்த இரவு அங்கேயேதான், ரிசார்ட்டுக்குக் கட்டிய ஒரு நாள் வாடகை வீண். அந்தமானில் சூரியனையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தத் தீவுகள் வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. ஜனவரியில் மாலை ஐந்தேகால் வாக்கில் அஸ்தமனம். நாலரைக்கு வந்து சேரும் படகில் போய், அறையில் பெட்டியை வைத்து முகம் கழுவிவிட்டு ராதாநகருக்குப் புறப்பட்டால் இருட்டைத்தான் பார்க்கலாம். ஹேவ்லாக்கில் இரவில் துடுப்புப் படகில் போய், நீரில் கை வைத்தால் பொறிப்பொறியாக ஒளிரும் உயிரிகளைப் பார்ப்பது இப்போது பிரபலம். அதற்கு நிலா இல்லாத இரவு வேண்டும். பெரும்பாலும் வளர்பிறையில்தான் நாம் முகூர்த்தம் வைக்கிறோம். முடிந்த மூன்று நாலு நாளில் கிளம்பினால் நிலவு பாதி இரவுக்கு மேல் காயும். இரண்டு வாரம் கழித்துப் போனால் தேய்பிறையாக இருக்கும், முன்னிரவு இருட்டு கிடைக்கும். பஞ்சாங்கம் வீட்டில்தான் இருக்கிறது, அதே பக்கத்தில் இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, லீவு. கல்யாணத்தைச் சொல்லித்தான் அலுவலகத்தில் பத்து நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும், அப்புறம் யார் தருவார்கள் என்பார்கள். இந்த நெருக்கடி உண்மையானது, எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. ஆனால் அந்தப் பத்து நாளில் மறுவீடு, குலதெய்வக் கோயில், இரு பக்கத்து உறவினர் வீட்டு விருந்து என்று ஏழு நாள் கரைந்துவிடுகிறது. மீதி மூன்று நாளில், ஓய்ந்துபோன உடம்போடு கடல் கடந்து ஓடுவதில் இருவருக்கும் என்ன சுகம்? ஊர்ப்பக்கம் ஏற்காடோ கொடைக்கானலோ இரண்டு நாள் போய் வந்துவிட்டு, விரும்பிய தீவை அதற்குரிய மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். பெரியவர்களிடமும் இதைப் பேசிப் புரியவைக்க முடியும். ஆவணியில் கல்யாணம், அந்தமான்தான் வேண்டும் என்று மணப்பெண் ஆசைப்பட்டால், பொங்கலுக்குப் பிந்தைய வாரத்துக்கு இப்போதே டிக்கெட் எடுக்கலாம். விமானக் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், லீவுக்கு ஐந்து மாதம் முன்னதாகவே சொல்லிவைக்கலாம், தலைப்பொங்கலை முடித்துக்கொண்டு அப்படியே சென்னையிலிருந்து விமானம் ஏறலாம்.