ஒரு மணி நேரத்தில் புழு செத்தால் சந்தேகப்படுங்கள்

"காலையில அடிங்க, மத்தியானம் புழு கீழே கிடக்கும்" என்று சொல்லி பி.டி. பொட்டலத்தை விற்கும் கடைக்காரர், ஒன்று, பி.டி.யைப் பற்றித் தெரியாதவர்; இல்லையென்றால் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று நன்றாகவே தெரிந்தவர்.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியா. 1901-இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயை ஆராய்ந்த இஷிவாட்டா இதைக் கண்டுபிடித்தார். பிறகு ஜெர்மனியின் பெர்லினர், துரிஞ்சியா பகுதியின் பெயரை இதற்கு வைத்தார். இந்த பாக்டீரியா வித்தாக மாறும்போது கூடவே ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. இலையோடு அதைத் தின்ற புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே படிகம் கரைந்து நஞ்சாகி, குடல் சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்த நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. அதனால்தான் இடுக்கியின் வட்டவடை, காந்தலூர் முட்டைகோஸ் வயல்களுக்கு இது ஏற்ற மருந்து.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் முறை எளிது. இலைத்துண்டுகளை வெவ்வேறு அளவு மருந்துக் கரைசலில் நனைத்து உலர்த்தி, ஒரே வயதுள்ள இளம்புழுக்களை விடுகிறார்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரில் நனைத்த இலையும் இருக்கும். சில நாள் கழித்து, பாதிப் புழுக்களைக் கொன்ற அளவு எது என்று கணக்கிடுவார்கள். கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி. வகையைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறையில் ஒரு கிண்ணத்துக்கு 25 புழுக்கள். மருந்தில்லாத கிண்ணத்திலும் நிறையப் புழுக்கள் செத்தால் அந்தச் சோதனையே செல்லாது. வித்துகளை மட்டும் எண்ணிவிட்டு மருந்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. கொல்லும் வலு பெரும்பாலும் படிகத்தில் இருக்கிறது. அதை உயிருள்ள புழுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே 'உயிரி' என்று எழுதிய மருந்து அடித்த ஒரு மணி நேரத்தில் புழுக்கள் துடித்துச் சாகின்றன என்றால், ரசாயனம் கலந்திருக்குமோ என்று கேட்பது நியாயம். இதில் ஏமாற்றத்தைவிட ஆபத்துதான் பெரிது. உயிரி என்று நம்பியவர் முகமூடி இல்லாமல் அடிப்பார், கைகழுவாமல் சாப்பிடுவார், மறுநாளே கோஸ் அறுத்துச் சந்தைக்கு அனுப்புவார். அசல் பி.டி. ஆனாலும் பொடி கண்ணிலும் மூக்கிலும் படக்கூடாது. அடித்தபின் மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் 108-ஐ அழையுங்கள். பொட்டலத்தையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பி.டி. பலிக்கவில்லை என்றால் எல்லாம் போலி அல்ல. வெயிலில் அது சீக்கிரம் கெடும், மாலையில்தான் அடிக்க வேண்டும். முட்டைகோஸுக்கான குர்ஸ்டாகி வகை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு மட்டுமே. முதலமடை மாந்தோப்பின் தத்துப்பூச்சிக்கும் ஏலக்காய் இலைப்பேனுக்கும் அடித்தால் காசு வீண். அவை சாறு உறிஞ்சுபவை, இலையைத் தின்பதில்லை. ஏலத் தண்டுதுளைப்பான் புழுவும் தண்டுக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் எதிர்ப்புத்திறன் வரும்: வயலில் பி.டி.யை வென்ற முதல் பூச்சி முட்டைகோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சிதான். பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி இனம் என்பதால் மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் அடிக்கவே கூடாது. பட்டுப்புழு வளர்க்கும் உடுமலை எல்லையில் இது வெறும் எச்சரிக்கை அல்ல.

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உயிரி மருந்துகளுக்கும் பொருந்தும். உறையில் பதிவு எண், தொகுதி எண், காலாவதித் தேதி, எந்தப் பயிருக்கு எந்தப் பூச்சிக்கு என்ற விவரம் இருக்க வேண்டும். ரசீது கேட்பது உங்கள் உரிமை. 'அப்புறம் தாரேன்' என்பவரிடம் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் கடை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வேளாண்துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்: கேரளக் கடைக்கு கிருஷி பவன், பொள்ளாச்சி அல்லது கம்பம் கடைக்கு அங்குள்ள வேளாண் அலுவலகம். கடையில் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு உண்டு. நீங்கள் வீட்டில் இலையை நனைத்துப் பார்ப்பது சந்தேகத்தை வலுப்படுத்தலாம், ஆனால் வழக்கில் அதற்கு மதிப்பில்லை.

இழப்பீட்டுக்கு வேறு வழி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொள்ளாச்சியில் வாங்கியிருந்தாலும் முதலமடைக்காரர் பாலக்காடு ஆணையத்துக்கே போகலாம். வட்டவடைக்காரருக்கு இடுக்கி ஆணையம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது. சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். வாங்கிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழி கேட்க 1915 என்ற உதவி எண். ரசீதையும், மிச்சமுள்ள மருந்தோடு உறையையும், வயலின் தேதியிட்ட படங்களையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.