வாளை உருவாமலே ஒரு நகரத்தைக் காத்த வாள்வீரர்!

டோக்கியோவின் கின்சா கடைவீதியில் 'கிமுராயா' என்றொரு பேக்கரி இருக்கிறது. அசுகி என்ற சிவப்புப் பயறை வேகவைத்து, சர்க்கரை சேர்த்துப் பூரணமாக்கி, உள்ளே வைத்துச் சுடும் 'அன்பான்' பன்தான் அங்கே பிரபலம். 1875-ம் ஆண்டு ஏப்ரல் 4-ம் தேதி, உப்பில் ஊறிய செர்ரிப்பூவை நடுவில் பதித்த அன்பான் மெய்ஜி பேரரசருக்குப் பரிமாறப்பட்டது. அவருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. ஜப்பானில் இன்றைக்கும் ஏப்ரல் 4 'அன்பான் தினம்'!

அந்த பன்னைப் பேரரசர்வரை கொண்டுசேர்த்தவரும், கடையின் பெயர்ப்பலகைக்கு எழுத்து எழுதிக்கொடுத்தவரும் ஒருவரே. யமவோகா தெஷ்ஷு. அப்போது அவர் அரண்மனையில் பேரரசருக்கு அணுக்கச் சேவகர். ஆனால், ஜப்பானியர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது வாள்வீரராக. அதிலும், யாரையும் வெட்டிக் கொன்றதே இல்லை என்று சொல்லப்படும் வாள்வீரராக!

1836-ல் எடோவில் பிறந்தவர் தெஷ்ஷு. இன்றைய டோக்கியோவின் பழைய பெயர்தான் எடோ. ஆறடியைத் தாண்டிய உயரம். சிறு வயதிலேயே மூங்கில் வாளைப் பிடித்தவர். பயிற்சிக்கூடத்தில் அவர் காட்டிய வேகத்தைப் பார்த்து 'பேய் தெட்சு' என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் வறுமை. உடம்பில் கிழிசல் துணி. அதனால் 'கந்தல் தெட்சு' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

1863-ல் அசாரி யோஷியாகி என்ற ஆசானுடன் மோதினார். நெடுநேரம் நீடித்த அந்த ஆட்டத்தில், ஒரு கட்டத்தில் தன் உடல் பலத்தால் அசாரியைக் கீழே தள்ளிவிட்டார். ஜெயித்துவிட்டதாக நினைப்பு. அசாரியோ, விழும்போதே உன் விலாவில் அடித்துவிட்டேனே என்றார் நிதானமாக. கவசத்தைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே மூங்கில் பட்டைகள் உடைந்திருந்தன. பூச்சி அரித்திருக்கும் என்று முதலில் சமாளித்த தெஷ்ஷு, விஷயத்தை வீட்டில் மைத்துனரிடம் சொன்னார். அவர் ஈட்டி வித்தையில் பெரிய ஆள். அசாரிதான் நிஜமான வீரர் என்று அவர் சொல்ல, மறுநாளே போய் அசாரியிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார் தெஷ்ஷு.

அதன்பிறகுதான் சோதனை. அசாரி வாளை நீட்டிக்கொண்டு ஓர் அடி முன்னே வைப்பார். தெஷ்ஷு ஓர் அடி பின்னே போவார். இப்படியே போய்ப்போய், கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வெளியே தள்ளப்படுவார். அசாரி கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார். தியானத்தில் கண்ணை மூடினாலும் எதிரே அசாரியின் வாள்முனைதான். மலைபோல் நிற்கும் அந்த உருவத்தைத் தெஷ்ஷுவால் நகர்த்தவே முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. 1868-ல் நடந்ததைப் பாருங்கள். ஷோகனின் ஆட்சி முடிந்து, பேரரசரின் படை எடோவைத் தாக்க வந்துகொண்டிருந்தது. சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த நகரம். பெரும்பாலும் மரவீடுகள். ஒரு தீப்பொறி போதும். கடைசி ஷோகன் யோஷினோபு சரணடையத் தயார். அதை எதிரித் தளபதி சைகோ தகமோரியிடம் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். தெஷ்ஷு கிளம்பினார். எதிரித் தரப்பைச் சேர்ந்த சட்சுமாக்காரர் ஒருவர் மட்டும் துணை. பேரரசரின் எதிரியான தோகுகவாவின் ஆள் போகிறேன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே துப்பாக்கிப் படைக்குள் நடந்தார். யாரும் தடுக்கவில்லை!

இன்றைய ஷிசுவோகா நகரில் இருவரும் சந்தித்தார்கள். சைகோ வைத்த நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் தெஷ்ஷு ஏற்கவில்லை. யோஷினோபுவை வேறொரு பிரபுவின் காவலில் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் அது. உங்கள் எஜமானருக்கு இந்த நிலை வந்தால் நீங்கள் சும்மா விட்டுக்கொடுப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். சைகோவிடம் அதற்குப் பதில் இல்லை. அந்த நிபந்தனையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பிறகு கட்சு கைஷுவும் சைகோவும் பேசி முடித்தார்கள். எடோ கோட்டை ரத்தம் சிந்தாமல் கைமாறியது. வரலாற்றுப் புத்தகங்களில் கட்சுவின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஆனால், முதல் கதவைத் திறந்தவர் தெஷ்ஷுதான்.

ஒரு படைக்கு நடுவே நடந்தவருக்கு, அசாரியின் வாள்முனை மட்டும் அப்போதும் விலகவில்லை. ஆண்டுகள் ஓடின. ஒருநாள், எழுத்து எழுதி வாங்க வந்த வியாபாரி ஒருவர் தன் கதையைச் சொன்னார். லாபம், நஷ்டம் என்று மனம் படபடத்தவரை வியாபாரம் உருப்படவில்லை. அதை விட்டதும்தான் வளர்ந்தது என்றார். தெஷ்ஷுவுக்குச் சுருக்கென்று பட்டது. அடுத்த சில நாட்கள் அதே நினைப்பு. 1880 மார்ச் 30 அதிகாலை, தியானத்தில் இருந்தபோது அந்த உருவம் காணாமல் போயிருந்தது. முதல் தோல்விக்கு 17 ஆண்டுகள் கழித்து!

அசாரியை அழைத்து எதிரே நின்றார். சில நொடிகள்தான். மோதாமலே அசாரி தன் வாளைத் தாழ்த்திக்கொண்டார். அதன்பின் தெஷ்ஷு தொடங்கிய பள்ளிக்குப் பெயர் 'முதோ-ரியூ'. 'முதோ' என்றால் வாள் இல்லை என்று பொருள். மனதுக்கு வெளியே வாள் என்று ஒன்று கிடையாது என்பது அவர் விளக்கம். பெயர்தான் மென்மை. பயிற்சி முரட்டுத்தனமானது. ஒரே நாளில் 200 ஆட்டங்கள் ஆடும் சோதனையெல்லாம் அங்கே உண்டு.

வாளுக்கு வெளியேயும் அவருக்குச் சீடர்கள் இருந்தார்கள். ஜப்பானின் புகழ்பெற்ற கதைசொல்லி சன்யூதே என்ச்சோ அவர்களில் ஒருவர். குழந்தைகளுக்குச் சொல்லும் மொமோதாரோ கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்ட தெஷ்ஷு, நீ நாக்கால் சொல்கிறாய், அதனால் கதைக்கு உயிர் இல்லை என்றாராம். தொழிலே நாக்கு என்றிருப்பவருக்கு எப்படி இருந்திருக்கும்! என்ச்சோ கோபப்படாமல் தியானத்தில் உட்கார்ந்தார். பிற்பாடு அவருக்கு 'நாக்கில்லாதவர்' என்ற பட்டமே கிடைத்தது.

கையெழுத்துக் கலையிலும் தெஷ்ஷு மன்னன். கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக்கொடுத்தார். மொத்தம் 10 லட்சம் இருக்கும் என்பார்கள். கொஞ்சம் மிகையாகத்தான் தெரிகிறது. கிடைத்த பணமும் கையில் தங்கவில்லை, கோயில்களுக்கும் கஷ்டப்பட்டவர்களுக்கும் போய்விட்டது.

1888 ஜூலை 19. வயிற்றுப் புற்றுநோய் முற்றியிருந்தது. வெள்ளை உடை உடுத்தி, தியான நிலையில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. வயது 52. ஆட்சி மாற்றச் சண்டைகளில் இறந்தவர்களுக்காக 1883-ல் அவரே நிறுவிய சென்ஷோ-ஆன் கோயிலில், டோக்கியோவின் யனகா பகுதியில், அவர் சமாதி இருக்கிறது. என்ச்சோவும் அங்கேதான் உறங்குகிறார். ஆகஸ்ட் மாதம் போனால், என்ச்சோ சேர்த்துவைத்த பேய் ஓவியங்களையும் அங்கே பார்க்கலாம்.