பழைய தூண்டில் ரீலுக்கு வயசு என்ன? மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும்!

ஒரே பெயர், ஒரே வட்ட வடிவம். இரண்டு பழைய தூண்டில் ரீல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால், ஒன்று முதல் உலகப் போருக்கு முன்பு செய்ததாக இருக்கலாம். இன்னொன்று பல ஆண்டுகள் கழித்து வந்ததாக இருக்கலாம். வித்தியாசம் மூடிக்கு உள்ளே இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம், இங்கிலாந்தின் ‘ஹார்டி பெர்ஃபெக்ட்’ ரீல். நார்தம்பர்லேண்டில் உள்ள ஆனிக் என்ற சிறுநகரில், 1872-ல் துப்பாக்கித் தொழில் தெரிந்த வில்லியம் ஹார்டி தொடங்கிய நிறுவனம் அது. 1888-ல் இந்த ரீலுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்குமே, அதே மாதிரி குட்டிக் குட்டி பால்ஸ் மேல் நூல்சுருள் சுழலும். இதுதான் அதன் சிறப்பு.

காட்டிக்கொடுக்கும் ‘செக்’

மீன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீல் கட்டுப்பாடு இல்லாமல் சுற்றினால் நூல் சிக்கிவிடும். அதைத் தடுக்க உள்ளே ஒரு பல்சக்கரம், அதில் உரசும் ஒரு நாக்கு, அதைத் தள்ளிப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங். பெடல் மிதிக்காமல் சைக்கிளை உருட்டினால் ‘டிக் டிக்’ என்று கேட்குமே, அதே வேலைதான். இதற்குப் பெயர் ‘செக்’.

ஹார்டி இந்த அமைப்பை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்தது. அதனால் சேகரிப்பாளர்கள் ‘1896 செக்’, ‘1906 செக்’, ‘1912 செக்’, ‘1917 செக்’ என்று ஆண்டை வைத்தே பேசுகிறார்கள். பின்னால் வந்ததன் பெயர் ‘டூப்ளிகேட்டட் மார்க் 2’. டூப்ளிகேட் என்றதும் போலி என்று பதற வேண்டாம். அசல் ரீலின் பெயரே அதுதான்! இந்த வகை நெடுங்காலம் வந்ததால், செக்கை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. சில ரீல்களின் உள்பக்கம், செய்த தொழிலாளியின் பெயர் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவும் ஒரு துப்பு.

பளபளப்பு ஆபத்து

பழைய பொருள் கிடைத்ததும் தேய்த்துப் பளபளக்க வைக்கத்தான் கை துறுதுறுக்கும். அங்கேதான் தவறு நடக்கிறது. பாலிஷ் போட்டால் அசல் பூச்சு போய்விடும், எழுத்துகள் மங்கும். புதிய தூண்டில் கம்பில் பொருந்தவில்லை என்று ரீலின் அடிக்காலை அரம் போட்டுத் தேய்த்தவர்களும் உண்டு. அப்படித் தேய்த்த ரீலுக்குச் சந்தையில் மதிப்பு குறைகிறது.

உள்ளே மாற்றுவது இன்னும் சிக்கல். வேறொரு ரீலின் செக்கைப் பொருத்தினால் ரீல் ஓடும். ஆனால் வயதைப் பற்றிப் பொய் சொல்லும். எனவே செக், அடிக்கால், கைப்பிடி, உலோகம் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால், அது பிற்பாடு மாட்டியதாக இருக்கலாம்.

திறக்கும் முன்…

* ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
* திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துங்கள். இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், பலம் காட்டாதீர்கள்.
* ஒரு தட்டுக்கு மேல் வைத்துத் திறங்கள். பால்ஸ் உருண்டு ஓடினால் தேடுவது கஷ்டம்.
* கெட்டியான பழைய கிரீஸை மரக்குச்சியால் சுரண்டி, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, லேசாக எண்ணெய் விடுங்கள்.
* பாகத்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழையதைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு ரீலுடனேயே வையுங்கள்.

தேய்ந்துபோன அந்தச் சின்ன நாக்கு இனி மீன் பிடிக்க உதவாது. ஆனால், அடுத்து அந்த ரீல் யார் கைக்குப் போனாலும், அதன் உண்மையான வயசைச் சொல்ல அது வேண்டும்.